மரத்தின் மேல் மண்: முடவாட்டுக்கால் பெரணி

கொல்லிமலைச் சந்தைகளிலும் ஆகாய கங்கை அருவிக்குப் போகும் வழியிலுள்ள கடைகளிலும் முடவாட்டுக்கால் கிழங்கு என்று விற்கப்படும் பொருள், தாவரவியல் கணக்கில் கிழங்கு அல்ல. அது மண்ணுக்குள் விளைவதும் இல்லை. மரக்கிளைகளின் மேலும் பாறைகளின் மேலும் ஊர்ந்து படரும் ஒரு பெரணியின் தண்டு அது. அந்தப் பெரணியின் அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. தண்டு முழுதும் பழுப்பு மயிர் அடர்ந்து, விரலைவிடத் தடித்து, அங்கங்கே முட்டி போலப் புடைத்திருக்கும். ஆட்டுக்கால் கிழங்கு என்ற இன்னொரு பெயர் எப்படி வந்தது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இது வளர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களில் மிகுதி. கேரளத்தில் தென்னை, மா, பலா என்று வீட்டுத் தோட்டத்து மரங்களிலேயே காணலாம். அச்சில் இதன் வரலாறு நீண்டது. டச்சுக்காரர்கள் கொச்சியில் ஆண்ட காலத்தில், டச்சு ஆளுநர் வான் ரீடே மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ என்ற தாவர நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் கடைசித் தொகுதியில் இந்தப் பெரணி படத்தோடு இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இதைப் பாலிபோடியம் என்ற பேரினத்தில் சேர்த்தார். அப்போது பெரணிகளில் பாதிக்கு அதுதான் பெயர் என்று சொல்லுமளவுக்கு எல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. பின்னர் 19ஆம் நூற்றாண்டில், லண்டன் கியூ தோட்டத்தின் ஜான் ஸ்மித் இதை டிரைனேரியாவுக்கு மாற்றினார். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அக்லாமோர்ஃபா என்ற பேரினத்தையும் டிரைனேரியாவையும் ஒன்றாக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. அதனால் இன்றைய நூல்களில் இரண்டு பெயர்களிலும் இதே செடி வரும். செடி மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறுகிறது.

வேறொரு செடியின் மேல் வளர்ந்தும் அதிலிருந்து உணவு எடுக்காத தாவரத்தைத் தொற்றுத் தாவரம் என்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு பழைய குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். மாமரத்தில் வளரும் புல்லுருவி, கிளையின் மரப்பகுதிக்குள் தன் உறிஞ்சு வேரைச் செலுத்தி, மரம் ஏற்றும் நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. அது ஒட்டுண்ணி. முடவாட்டுக்கால் அப்படிச் செய்வதில்லை. அதன் வேர்கள் பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு நிற்கின்றன. உயிருள்ள திசுவைத் தொடுவதே இல்லை. பாறையின் மேலும் பழைய சுவரின் மேலும் அது அதே செழிப்போடு வளர்வது இதற்குப் போதுமான சான்று. கல்லிலிருந்து சாறு உறிஞ்ச முடியாது. ஆயினும் மரத்தைக் ‘காப்பாற்ற’ என்று சொல்லித் தோட்டங்களில் இதை வெட்டி எறிவது இன்றும் நடக்கிறது. மழையில் நனைந்த பெருந்தொகுதி ஒன்றின் பாரம் தாங்காமல் உளுத்த கிளை முறியலாம் என்பதுதான் இதனால் மரத்துக்கு வரக்கூடிய தீங்கு.

2021இல் வெளியான உலகப் பட்டியல் ஒன்றின்படி, தொற்றி வளரும் கலன்றாவரங்கள், அதாவது நீர் கடத்தும் திசு கொண்ட தாவரங்கள், 31,000 சிற்றினங்களுக்கு மேல். உலகின் கலன்றாவரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்க்கிடுகள். பெரணிகள் எண்ணிக்கையில் அவற்றுக்கு வெகு பின்னால் நின்றாலும், பல காடுகளில் கிளைகளை மூடிக்கிடப்பவை அவைதான். 1888இல் ஜெர்மானியத் தாவரவியலர் ஷிம்பர் அமெரிக்க வெப்பமண்டலத்தின் தொற்றுத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீரையும் சத்தையும் அவை எப்படித் திரட்டுகின்றன என்பதை வைத்து அவற்றைப் பிரித்தார். வேருக்கு வந்து சேர்வதை மட்டும் நம்பியிருப்பவை ஒரு வகை. பின்னாளில் தரைக்கு வேர் இறக்குபவை இன்னொரு வகை. அன்னாசிக் குடும்பத்துச் செடிகளைப் போல இலைக்குடுவையில் மழைநீரைத் தேக்குபவை மூன்றாவது. சருகைச் சேர்த்து, அதை மக்கவைத்து, அதற்குள் வேர்விடுபவை நான்காவது. முடவாட்டுக்கால் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

மரக்கிளையில் வாழ்வதன் ஆதாயம் வெளிச்சம். தரையில் முளைத்த செடி, காட்டின் நிழலை மீறி மேலே வர ஆண்டுக்கணக்கில் தண்டு கட்ட வேண்டும். கிளையில் முளைத்தது முதல் நாளிலிருந்தே உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை தண்ணீர். கனமழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்தில் பட்டையில் ஓடிய நீர் வடிந்துவிடும்; வெயிலும் காற்றும் மீதியை எடுத்துக்கொள்ளும். அடர்ந்த காட்டுக்குள்ளேயே இருந்தாலும் மேல்கிளையில் நிலவும் வறட்சி கரட்டு நிலத்துக்கு ஒப்பானது. சத்தும் அரிது. தழைச்சத்து, மணிச்சத்து எதுவானாலும் மழையில் கரைந்து வருவது, தூசியில் ஒட்டி வருவது, பறவை எச்சம், உதிரும் சருகு ஆகியவைதான் வழி. இந்த இரண்டு தட்டுப்பாடுகளுக்கும் இந்தப் பெரணி கண்ட தீர்வு அதன் உடலமைப்பிலேயே தெரிகிறது.

தண்டிலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ 2 செ.மீ. பருமனுள்ள சதைப்பற்றான தண்டு, கிளையை வளைத்துப் படுத்தவாறு வளர்கிறது. மயிர் போலத் தோன்றுபவை உண்மையில் செதில்கள். கைக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள, அடியில் அகன்று நுனியில் நூலாகக் கூர்ந்த, ஓரங்களில் நுண்பற்கள் கொண்ட மெல்லிய தகடு. வளரும் நுனியில் அவை பொன்பழுப்பாகவும் மிக அடர்த்தியாகவும் இருக்கும். வயதான பகுதியில் கறுத்து உதிரத் தொடங்கும். செதில்கள் வெயிலைத் தடுத்து, தண்டின் ஈரம் காற்றில் போய்விடாமல் காக்கின்றன. செதிலைச் சுரண்டிவிட்டுக் குறுக்கே நறுக்கினால் உள்ளே வெளிர்பச்சையும் வெண்மையும் கலந்த ஈரச்சதை இருக்கும்; அதில் கலன்கற்றைகள் புள்ளிகளாகத் தெரியும். நீரும் மாவுச்சத்தும் சேமிக்கப்படும் இடம் இதுதான்.

இனி இலைகள். டிரைனேரியாவின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான். ஒரே தண்டிலிருந்து முற்றிலும் வேறுபட்ட இரண்டு வகை இலைகள் வருகின்றன. ஒரு வகை வழக்கமான பெரணி இலை. நீண்ட காம்பு, நடுநரம்புவரை ஆழமாகப் பிளந்த மடல்கள், ஒரு மீட்டர் வரை நீளம், நல்ல பச்சை. ஒளிச்சேர்க்கையும் ஸ்போர் உண்டாக்குவதும் இதன் வேலை. மற்றது காம்பே இல்லாமல் தண்டிலிருந்து நேராக எழும் அகன்ற குட்டை இலை. உள்ளங்கையைவிடப் பெரிதாக, சில சமயம் 40 செ.மீ. நீளம் வரை வளரும். ஓரங்கள் மட்டும் ஆழமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். ஐரோப்பியர்களுக்கு ஓக் இலையை நினைவூட்டி, குவெர்சிஃபோலியா என்ற சிற்றினப் பெயரைத் தந்தது இந்த இலைதான். முளைக்கும்போது பச்சையாக இருந்து, விரைவிலேயே பச்சையம் இழந்து, பழுப்பாகிக் காய்ந்துவிடுகிறது.

காய்ந்த பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது. சாதாரண இலை காய்ந்தால் சுருண்டு உதிரும். இது உதிர்வதில்லை. இதன் நரம்புகள் கம்பிபோல விறைத்தவை. இடையிலுள்ள திசு காகிதம்போல் ஆனாலும் நரம்புச் சட்டகம் வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தண்டோடும் கிளையோடும் சாய்வாக நிற்பதால் ஒவ்வொரு இலைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு பை உண்டாகிறது. புதிய இலைகள் பழையவற்றின் மேல் வந்து அடுக்கப்பட, பைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. மேலிருந்து விழும் மரத்தின் சருகு, பூ, பட்டைத்தூள், பூச்சிகளின் சிறகு, எச்சம், காற்றில் வந்த தூசி எல்லாம் அதில் தங்குகின்றன. இந்த இலைகளைக் கூட்டு இலைகள் அல்லது மக்குச் சேர்க்கும் இலைகள் என்று சொல்லலாம். உயிரோடிருந்து உணவு தயாரிப்பது இலையின் வேலை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு, செத்துப்போன நிலையிலேயே தன் முழுப் பயனையும் தரும் இலை சற்று வியப்பாகத்தான் இருக்கும். செடியின் கணக்கில் இது சிக்கனம். உயிருள்ள இலைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த இலைக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பையில் சேர்ந்த குப்பை அப்படியே கிடப்பதில்லை. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதை மக்கச் செய்கின்றன. பூரான், மரவட்டை, சிலந்தி, தேள், எறும்பு எல்லாம் குடியேறுகின்றன. கறுத்து, நொய்ந்து, கையில் எடுத்தால் காட்டு மண்ணின் மணமே வீசும் மக்கு உருவாகிறது. பெரணியின் மெல்லிய வேர்கள் அதற்குள் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. மழை விட்ட பிறகும் பல நாள் ஈரத்தைத் தாங்கி நிற்பது இந்த மக்குதான். தரையிலுள்ள மண்ணில் செடி போய் வேர்விடுகிறது. இங்கே தனக்கு வேண்டிய மண்ணைச் செடியே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த மண்ணில் மற்றவையும் பங்கு கேட்டு வருகின்றன. பறவை போட்ட அத்தி விதை முளைப்பதும், சிறு ஆர்க்கிடுகள் வேர்விடுவதும் உண்டு.

மரக்கிளையில் இப்படிச் சேரும் மண் ஒரு காட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை, இதேபோலச் சருகு சேர்க்கும் பறவைக்கூட்டுப் பெரணியை வைத்து போர்னியோவில் அளந்தார்கள். சபா மாநிலத்து மழைக்காட்டில் நடந்து 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த ஆய்வு, உச்சிக்கிளைகளில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடை பற்றிய மதிப்பீட்டையே இரட்டிப்பாக்கியது. இந்தப் பெரணிகளுக்குள் இருப்பவற்றை அதுவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. முடவாட்டுக்காலின் கூடுகள் பறவைக்கூட்டுப் பெரணியின் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆனாலும் வேலை அதே வேலைதான்.

எறும்புகளோடு இதற்கு இன்னொரு உறவும் உண்டு. பச்சை இலைகளின் அடிப்புறத்தில் இனிப்புநீர் கசியும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பெரணிக்குப் பூ கிடையாது. மகரந்தம் சேர்க்க யாரையும் அழைக்க வேண்டியதும் இல்லை. எனவே இந்தத் தேன் காவலுக்குக் கொடுக்கும் கூலி என்றே பலரும் கருதுகிறார்கள். தேனுக்காக இலையில் ஏறி இறங்கும் எறும்புகள் இலை தின்னும் புழுக்களை விரட்டக்கூடும். இளம் இலைகளில் சுரப்பு மிகுந்திருப்பது இந்தக் கருத்துக்குப் பொருந்துகிறது. புழுவுக்கு ருசியானதும் இளம் இலைதான்.

கோடையில் பார்ப்பவருக்கு இந்தச் செடி செத்துவிட்டது போலத் தோன்றும். மழை முடிந்து மாசி, பங்குனியில் காற்று வறளத் தொடங்கியதும் பச்சை இலைகள் மஞ்சளாகின்றன. மடல்கள் நடுநரம்போடு சேரும் மூட்டில் கழன்று உதிர்கின்றன. உதிரும் முன் அவற்றிலுள்ள சத்தில் ஒரு பகுதியைச் செடி தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. உதிர்ந்த மடல்களில் சில அதே செடியின் பைகளுக்குள்ளேயே விழுந்து மீண்டும் எருவாகின்றன. கடைசியில் மரக்கிளையில் மீதி நிற்பவை பழுப்புக் கூட்டு இலைகளும், அவற்றுக்கு நடுவே விறைத்து நிற்கும் வெறும் நடுநரம்புக் குச்சிகளும்தான். இலை இல்லையென்றால் நீராவிப்போக்கும் இல்லை. தண்டு, செதில் போர்வைக்குள், மக்கில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு காத்திருக்கும். முதல் மழை விழுந்ததும் நுனிகளிலிருந்து சுருள் இலைகள் விரியத் தொடங்கும். பருவமழையை நம்பியுள்ள காடுகளில் இத்தனை பரவலாக இது நிலைத்திருப்பதற்கு இந்த ஒடுக்கமே முதல் காரணம்.

இனப்பெருக்கம் ஸ்போர்களால். பச்சை இலையின் அடிப்பக்கத்தில், பக்க நரம்புகளுக்கு இடையே, இரண்டிரண்டு வரிசையாகச் சிறிய வட்டப் புள்ளிகள் தென்படும். ஒவ்வொரு புள்ளியும் பல ஸ்போர் பைகளின் திரள். பை ஒவ்வொன்றிலும் பொதுவாக 64 ஸ்போர்கள். பையைச் சுற்றி ஒரு வரிசை செல்கள் வளையமாக நிற்கின்றன. அந்தச் செல்களின் உட்சுவரும் பக்கச்சுவர்களும் தடித்தவை. வெளிச்சுவர் மட்டும் மெல்லியது. காற்று வறண்டதும் செல்களிலுள்ள நீர் ஆவியாகிறது. மெல்லிய சுவர் உள்வாங்க, வளையம் பின்னோக்கி வளைந்து, பை கிழிந்து திறக்கிறது. மிச்சமிருக்கும் நீர் இழுவிசையைத் தாங்கும் வரை வளைவு தொடர்கிறது. ஒரு கட்டத்தில் நீர் அறுந்து செல்களுக்குள் குமிழிகள் தோன்ற, வளையம் ஒரே வெட்டில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஸ்போர்கள் வெளியே வீசப்படுகின்றன. தூசியைவிட இலேசான அவற்றைக் காற்று அடுத்த மரத்துக்கும் அடுத்த மலைக்கும் கொண்டுபோகும்.

ஈரமான பட்டையில் விழுந்த ஸ்போரிலிருந்து நேராகப் பெரணி வருவதில்லை. முதலில் விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வளர்கிறது. ஆண், பெண் செல்கள் அதன் அடிப்புறத்தில் தோன்றும். ஆண் செல் நீந்திப் போய்ச் சேர ஒரு படலம் நீர் வேண்டும். கருவுற்ற பிறகே பெரணிக் கன்று. எனவே பட்டையைத் தேர்ந்தெடுப்பதில் இந்தச் சிறு பருவத்தின் தேவையே முந்துகிறது. சொரசொரப்பான, பிளவுகளில் நீரும் பாசியும் தங்கும் பட்டை இருந்தால் நல்லது. மா, பலா, புளி போன்ற மரங்கள் இதற்கு ஏற்றவை. பட்டையை உரித்து உதிர்க்கும் யூகலிப்டஸ் போன்றவற்றில் பெரணிக்குக் கால்கொள்ளவே நேரம் கிடைப்பதில்லை. மற்றபடி இது எந்த மரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரத்தை இது தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் அந்த மரங்களின் கிளைகள் நெடுக இதைப் பார்க்கலாம்.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையில், நாமக்கல் மாவட்டத்தில், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரியும் மேட்டுநிலம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும் இடம். சுற்றிலுமுள்ள சமவெளியின் வெயிலோடு ஒப்பிட்டால் ஈரமான தீவு என்றே சொல்லலாம். மலைச்சரிவுகளில் வெளித்தெரியும் பாறைகளும் சோலை மரங்களும் முடவாட்டுக்காலுக்கு ஏற்ற களம். ஏற்காடு, பச்சைமலை, சிறுமலை ஆகிய இடங்களிலும் இது உண்டு என்றாலும், இதன் வணிகம் கொல்லிமலையின் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சமைக்கும் முறை எளிது. செதிலைக் கத்தியால் சுரண்டி, சதையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப். ஆட்டுக்கால் சூப்பின் ருசி இருக்கிறது என்பார்கள். அதில் மிளகுக்கும் பூண்டுக்கும் உரிய பங்கைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. மூட்டுவலிக்கு இது மருந்து என்ற நம்பிக்கை பழையது. சீனாவிலும் இதற்கு இணை உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு சிற்றினத்தின் தண்டை அங்கே எலும்பு முறிவுக்குக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். தொடர்பில்லாத இரண்டு மருத்துவ மரபுகள் ஒரே குலத்துச் செடியை எலும்போடு சேர்த்து நினைத்தது ஆராயத் தக்கதுதான். ஆய்வகங்களில் இதன் சாறு வீக்கத்தைக் குறைப்பது, நுண்ணுயிர்களை அடக்குவது பற்றிச் சோதனைகள் நடந்துள்ளன. அவை பெரும்பாலும் சோதனைக் குழாய்களிலும் எலிகளிலும் நடந்தவை. மனித மூட்டுக்கு இதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. சித்த மருத்துவம் எண்ணும் 4,448 நோய்களையும் இது ஒன்றே தீர்க்கும் என்று கூவி விற்பதை விளம்பரம் என்று எடுத்துக்கொள்வதே சரி.

இந்த வணிகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலையைப் பறித்தால் செடி வேறு இலை விடும். கனியைப் பறித்தால் அடுத்த பருவத்தில் காய்க்கும். முடவாட்டுக்காலில் விற்பனையாவது தண்டு, அதாவது செடியின் உடல் முழுவதும். நீர்ச்சேமிப்பு, மாவுச்சத்து, வளரும் நுனி, கூட்டு இலைகளின் பிடிமானம் எல்லாம் அதில்தான். பாறையிலிருந்து தண்டை உரித்தெடுக்கும்போது பல ஆண்டுகளாகச் சேர்ந்த மக்கும் கூடவே சரிந்து போகிறது. ஸ்போரிலிருந்து புதிதாக ஒரு செடி அந்த அளவுக்கு வளர்வதும், அதற்கு மண் சேர்வதும் மெதுவாக நடப்பவை.

இந்த அழிவைத் தவிர்க்கும் வழி கடினமானதல்ல. வளரும் நுனியோடு கூடிய ஒரு சாண் துண்டைப் பாறையிலேயே விட்டுவிட்டு, முதிர்ந்த பின்பகுதியை மட்டும் வெட்டினால் செடி பிழைக்கும். நுனித்துண்டைத் தென்னைநாரில் பொதிந்து மாமரக் கவட்டிலோ பழைய மரக்கட்டையிலோ கட்டிவைத்து வீட்டிலும் வளர்க்கலாம். தொட்டியில் வைப்பதானால் களிமண் கூடாது; கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, மட்கிய சருகு ஆகியவற்றின் கலவையே ஏற்றது. தண்டைப் புதைக்காமல் மேலேயே கிடத்த வேண்டும். புதைத்தால் அழுகும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் போதும். மழைக்காலத்தில் தாராளமாக நனையலாம். கோடையில் இலை உதிர்ந்த பிறகு தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். பழுப்பான கூட்டு இலைகளை அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டிவிடக் கூடாது. அவை உள்ள வரையில் தனியாக எருவிட வேண்டிய தேவையும் இல்லை. மரத்துச் சருகை அவ்வப்போது அள்ளிப் பைக்குள் போட்டால் மீதியைச் செடியே பார்த்துக்கொள்ளும்.